கடைக் குரூப்பில் பேசும் பொட்: டோக்கன் யார் கையில்?

புறக்கோட்டை மொத்த வியாபாரிகளில் இருந்து வெள்ளவத்தையில் வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் வரை இப்போது எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "இணையத்தளத்தில ஓடர் விழுந்த உடனே எங்கட குரூப்புக்கு மெசேஜ் வரவேணும்." நியாயமான ஆசை. செய்வதும் லேசு. டெலிகிராமில் பொட்ஃபாதர் என்ற கணக்கிடம் போய் ஒரு பொட் (தானாக மெசேஜ் அனுப்பும் கணக்கு) உருவாக்கினால், அதை இயக்கும் இரகசியக் குறியீடாக நீளமான டோக்கன் ஒன்று கிடைக்கும். பொட்டைக் குரூப்பில் சேர்த்து, குரூப்பின் அடையாள எண்ணான சாட் ஐடியைக் கண்டுபிடித்து, இணையத்தளம் ஓடும் சேர்வரிலிருந்து ஒரே ஒரு ஏபிஐ அழைப்பு (மென்பொருள் மென்பொருளிடம் கேட்கும் கோரிக்கை) அனுப்பினால் மெசேஜ் வந்துவிடும். தேநீர் ஆறுமுன் முடிகிற வேலை.

"வட்ஸ்அப்பில வராதா?" என்று பலரும் கேட்பார்கள். வரும். ஆனால் வட்ஸ்அப்பின் சொந்தக்காரரான மெட்டாவின் உத்தியோகபூர்வ ஏபிஐ வழியாக, முன்கூட்டியே அனுமதி பெற்ற டெம்ப்ளேட்டில்தான் நீங்களாக ஒருவருக்கு முதல் மெசேஜ் அனுப்பலாம். அவர் எழுதினால் 24 மணித்தியாலம் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். இந்தக் கெடுபிடி வேண்டாம் என்று, கியூஆர் கோடை ஸ்கேன் செய்து கடை போனையே பொட் ஆக்கும் இலவச மென்பொருட்களைப் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வட்ஸ்அப் அதைக் கண்டுபிடித்தால் இலக்கத்தையே முடக்கும். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அச்சடித்த இலக்கத்தை இதற்காகப் பணயம் வைப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, டெலிகிராமுக்கே வருவோம். மெசேஜ் வருகிறது என்று தெரிந்ததும் செய்தவர் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார், முதலாளியும் மறந்துவிடுவார். கடை ஒன்றின் ஓடர் பக்கத்தைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். வலது கிளிக் செய்து பக்கத்தின் மூலநிரலைத் திறந்தேன். ஜாவாஸ்கிரிப்டுக்குள் டோக்கன் முழுசாகக் கிடந்தது: சில எண்கள், ஒரு முக்காற்புள்ளி, பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த நீள வால். அடுத்த வரியிலேயே சாட் ஐடி. இதை எடுக்க ஹேக்கர் தேவையில்லை, பொழுதுபோகாத பள்ளிக்கூடப் பிள்ளை போதும்.

"கிடந்தா என்ன தம்பி? ஓடர் மெசேஜ்தானே" என்றார் முதலாளி.

"அண்ணா, அந்த டோக்கனை வச்சிருக்கிறவன் உங்கட பொட்டின்ட பேரிலயே குரூப்புக்கு எழுதலாம். சப்ளையர் பேங்க் கணக்கை மாத்திட்டார், இண்டைக்குக் காசைப் புதுக் கணக்குக்குப் போடுங்க எண்டு பொட் சொன்னா உங்கட கெஷியர் என்ன செய்வார்?"

கெஷியர் பக்கத்திலேயே இருந்தார். "போட்டிருப்பேன்" என்றார், கூச்சப்படாமல். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாள் முழுக்க உண்மை சொல்லிவந்த பொட் அது.

டோக்கன் என்பது கடைச் சாவி. கையில் வைத்திருப்பவர் யார் என்று பூட்டு பார்ப்பதில்லை. ஸ்லாக், டிஸ்கோட் போன்ற அரட்டைச் செயலிகளின் வெப்ஹூக்குகளிலும் (வெளியிலிருந்து மெசேஜ் போடத் தரும் இணைய முகவரிகள்) இதே கதைதான். அங்கே அந்த முகவரியே சாவி, வேறு கடவுச்சொல் கிடையாது. எனவே டோக்கன் சேர்வரில், கோடுக்கு வெளியே, சூழல் மாறியாக (சேர்வரின் அமைப்பில் தனியே வைக்கும் மதிப்பாக) இருக்கவேண்டும். இணையத்தளப் பக்கம் சேர்வரிடம் சொல்ல, சேர்வர் டெலிகிராமிடம் சொல்லட்டும். வெளியே போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் கோடிலிருந்து அழிப்பதில் பிரயோசனமில்லை. கோடின் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் கிட் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். பொட்ஃபாதரிடம் போய் ரிவோக் கட்டளை கொடுத்துப் புது டோக்கன் எடுக்கவேண்டும், பழையது அந்த நிமிடமே செத்துவிடும். இன்னொரு ஓட்டையைப் பலரும் கவனிப்பதில்லை. டெலிகிராம் ஏபிஐ முகவரிக்குள்ளேயே டோக்கன் இருப்பதால், அழைப்புத் தோல்வியடையும்போது பிழைச் செய்தியோடு முழு முகவரியும் சேர்வரின் பதிவேடான லொக்கில் பதிவாகலாம். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து "இது ஏன் வேலை செய்யுதில்லை?" என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் போட்டால் முடிந்தது கதை.

பொட்டை அட்மின் ஆக்கும் பழக்கமும் அப்படித்தான். ஒருவழியாக அறிவிக்கும் சேனலில் எழுத பொட் அட்மினாக இருக்கவேண்டும், சரி. சாதாரண குரூப்பில் தேவையே இல்லை. அட்மின் இல்லாத பொட்டுக்கு, இயல்பான அமைப்பில், தனக்கென்று வரும் கட்டளைகளும் பதில்களும் போன்றவைதான் தெரியும். அட்மின் ஆக்கிவிட்டால் குரூப்பில் நீங்கள் பேசும் எல்லாமே அதற்குப் போகும். டோக்கனும் களவு போயிருந்தால், உங்கள் விலை பேச்சுவார்த்தையை யாரோ வாசித்துக்கொண்டிருப்பார்.

மெசேஜில் என்ன போகிறது என்றும் பாருங்கள். வாடிக்கையாளரின் பெயர், வீட்டு முகவரி, போன் இலக்கம், சில இடங்களில் தேசிய அடையாள அட்டை இலக்கம்கூடக் குரூப்பில் வந்து விழுகிறது. அந்தக் குரூப்பில் போன வருடம் வேலையை விட்டுப் போனவரும் இருப்பார், ஒரு தடவை டெலிவரிக்கு வந்த பையனும் இருப்பான். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் தகவலைக் கையாளக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ஓடர் இலக்கமும் தொகையும் போதும். மிச்சத்தை, உள்நுழைந்து பார்க்கும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

இரைச்சல் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. குரூப் ஒன்றுக்கு பொட் நிமிடத்தில் 20 மெசேஜுக்கு மேல் அனுப்பமுடியாது என்கிறது டெலிகிராம். தாண்டினால் 429 என்ற பிழையும், எத்தனை விநாடி பொறுக்கவேண்டும் என்ற எண்ணும் வரும். அந்த எண்ணை மதிக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பும் கோட்தான் நான் அதிகம் காண்பது. தரவுத்தளம் விழுந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பிழை மெசேஜ் என்று போட்டிருப்பார்கள். அதைச் சேர்த்து ஒன்றாக அனுப்புங்கள். சாதாரண ஓடர்களைச் சத்தமில்லாத மெசேஜாக அனுப்ப ஏபிஐயிலேயே வசதி உண்டு. குரூப்பையே மியூட் பண்ணிவிட்டவர்களிடம் அவசர மெசேஜ் போய்ச் சேராது.

நள்ளிரவு விற்பனை ரிப்போட் விடிய ஐந்தரைக்கு வருகிறது என்றால், சேர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதற்காகக் கோடில் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடாதீர்கள். இந்த நாடு மின்சாரத் தட்டுப்பாட்டில் 1996இல் நேரத்தை மாற்றி, 2006இல்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. ஏசியா/கொழும்பு என்ற நேர வலயப் பெயரைக் கொடுத்தால் மிச்சத்தைச் சேர்வர் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய கவலை, மெசேஜ் வராத நாள். குரூப் அமைதியாக இருந்தால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறோம். ஓடரே இல்லாத நாளும் பொட் செத்துப்போன நாளும் குரூப்பில் ஒரே மாதிரித்தான் தெரியும். சாதாரண குரூப் டெலிகிராமின் "சூப்பர்குரூப்" வகைக்கு மாறும்போது சாட் ஐடி மாறிவிடும், பழைய ஐடிக்கு அனுப்புவது எல்லாம் பிழையாகத் திரும்பும். அந்தப் பிழையைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள். ஏபிஐ "சரி" என்று பதில் தந்தாலும், டெலிகிராம் ஏற்றுக்கொண்டது என்பதுதான் அர்த்தம், உங்கள் ஆள் பார்த்தார் என்பதல்ல. 2018 மார்ச்சிலும், 2019இல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. செயலி ஒன்று அப்படி முடங்கினால், வெளிநாட்டுச் சேர்வருக்கு ஒன்றும் தெரியாது. அது அனுப்பிக்கொண்டே இருக்கும், கொழும்பில் போன் மட்டும் பேசாமல் இருக்கும்.

ஆகவே தினமும் காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் பொட் ஒரு வரி போடட்டும்: "நேற்று இத்தனை ஓடர், நான் இருக்கிறேன்." அது வராவிட்டால் யார் யாருக்குப் போன் பண்ணவேண்டும் என்று இப்போதே பெயர் குறித்து வையுங்கள். சேர்வர் தான் விழுந்ததைத் தானே சொல்லமுடியாது. வெளியில் வேறொரு இடத்திலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டிப்பார்க்கும் சேவை ஒன்று வேண்டும். அந்தச் சேவையின் எச்சரிக்கை டெலிகிராமில் வராமல் எஸ்.எம்.எஸ். ஆக வரட்டும்.