கணினியில் ஓடும் வீடியோ கைப்பேசியில் ஏன் ஓட மறுக்கிறது?

சொந்த சர்வரில் ஒரு வீடியோவை ஏற்றி, இணையப்பக்கத்திலும் சேர்த்தாயிற்று. மடிக்கணினியில் தடங்கலே இல்லாமல் ஓடுகிறது. அதே பக்கத்தை ஐபோனில் திறந்தால் பிளே குறியின் மேல் ஒரு குறுக்குக்கோடு. விலை குறைந்த ஆண்ட்ராய்டில் திறந்தால் சத்தம் மட்டும் வருகிறது, படத்தைக் காணோம். இந்த இடத்தில் பலரும் முதலில் கைவைப்பது பிளேயரில்தான். ஒரு பிளேயரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார்கள். அப்போதும் வீடியோ ஓடாது. சிக்கல் பெரும்பாலும் அதற்கும் அடியில் இருக்கிறது. கோப்புக்குள் என்ன இருக்கிறது, அது எந்த வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது, சர்வர் அதை எப்படி எடுத்துத் தருகிறது என்று பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் பிடிபட்டுவிடும்.

எம்பி4 என்று முடியும் பெயரை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. எம்பி4 என்பது கோப்பின் கட்டமைப்பு மட்டுமே. அதற்குள் இருக்கும் படம் எந்தக் கோடெக்கில், அதாவது எந்தச் சுருக்கும் முறையில், இருக்கிறது என்பது வேறு: எச்.264 ஆகவும் இருக்கலாம், எச்.265 ஆகவும் இருக்கலாம், ஏவி1 ஆகவும் இருக்கலாம். ஒலியும் அப்படித்தான். கணினியில் விஎல்சி என்ற பிளேயர் எதைக் கொடுத்தாலும் ஓட்டிவிடுவதால், ‘கோப்பு சரியாகத்தான் இருக்கிறது’ என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தேவைப்பட்டால் விஎல்சி மென்பொருளாலேயே படத்தை விரித்தெடுக்கும். கணினியின் பிராசஸருக்கு அந்தச் சுமை பெரிதில்லை. கைப்பேசியில் இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிச் சுற்று இருக்கிறது. அந்தச் சுற்றுக்குத் தெரிந்த கோடெக் என்றால் பேட்டரி அதிகம் செலவாகாமல் ஓடும். தெரியாத கோடெக் என்றால் ஒன்று கருவி சூடாகிப் படம் திக்கித் திக்கி வரும், இல்லையென்றால் பிரவுசர் முயலாமலேயே கைவிட்டுவிடும்.

2003இல் தரப்படுத்தப்பட்ட எச்.264, இன்று புழக்கத்தில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளின் சிப்பிலும் இருக்கிறது. ஒலிக்கு ஏஏசி என்ற கோடெக். எல்லோருக்கும் ஓடியாக வேண்டிய ஒரே ஒரு கோப்பைத்தான் வைக்க முடியும் என்றால், இந்த இரண்டுக்கும் வெளியே போகாதீர்கள். ஏவி1 இதைவிடச் சிறிய கோப்பைத் தரும் என்பது உண்மை. ஆனால் ஐபோனில் அதற்கான சுற்று 2023இல் வந்த 15 ப்ரோவில்தான் முதன்முதலாகச் சேர்ந்தது.

எச்.264 என்றாலும் எல்லாமே ஒன்றல்ல. மிரர்லெஸ் கேமராக்கள் பல, 10 பிட் ஆழத்தில் (ஒவ்வொரு நிற மதிப்புக்கும் 10 பிட்), 4:2:2 நிறத்தகவலோடு பதிவு செய்கின்றன. அதுவும் எச்.264தான். ஆனால் கைப்பேசிச் சுற்றுகள் பொதுவாக எதிர்பார்ப்பது 8 பிட், நிறத்தகவல் இன்னும் குறைந்த 4:2:0. சத்தம் வந்து படம் வராத கோப்புகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் பிட் ஆழம், நிறப்பகுப்பு, ப்ரொஃபைல் (பயன்பட்ட சுருக்க உத்திகளின் தொகுப்பு), லெவல் (படத்தின் அளவுக்கும் வேகத்துக்குமான வரம்பு) எல்லாம் தெரியும். 720 வரி, நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் லெவல் 3.1 போதும். 1080 வரி, 30 ஃபிரேமுக்கு 4.0. அதே 1080 வரியை 60 ஃபிரேமில் கொடுத்தால் 4.2 ஆகிவிடும், பழைய கருவிகள் தடுமாறத் தொடங்குவது அங்கேதான். பழைய வழிகாட்டிகள் பேஸ்லைன் ப்ரொஃபைலையே பரிந்துரைக்கும். 2007இல் வந்த முதல் ஐபோன் பேஸ்லைனை, அதுவும் 640×480 வரை மட்டுமே கையாளும் என்பதால் எழுந்த வழக்கம் அது. இன்று ஹை ப்ரொஃபைல் தாராளமாகப் போடலாம். அதே தரத்துக்குக் குறைந்த பிட்ரேட் (நொடிக்குச் செலவாகும் பிட்) போதும்.

ஐபோனில் எடுத்த வீடியோவை அப்படியே ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து, ஐபோன் 7 முதலான கருவிகள் ‘அதிகத் திறன்’ என்ற அமைப்பில் எச்.265இல் பதிவு செய்கின்றன. ஐபோன் 12 முதல் எச்டிஆர் (வெளிச்ச வீச்சு கூடிய படம்) ஆக, 10 பிட்டிலும் எடுக்கலாம். ஆப்பிள் கருவிகளில் அழகாக ஓடும் அந்தக் கோப்பு, பழைய ஆண்ட்ராய்டுகளில் கறுப்புத் திரையாக நிற்கும். அதை 8 பிட்டுக்கு மாற்றும்போது அந்த வீச்சைச் சுருக்கும் டோன்மேப் வடிகட்டியைச் சேர்க்காவிட்டால் நிறங்கள் வெளிறிப்போகும். எச்.265ஐயே கொடுப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மாற்று மென்பொருள் அதை எம்பி4இல் எழுதும்போது இயல்பாக ‘எச்இவி1’ என்ற குறியை இடும். ஆப்பிள் ஏற்பது ‘எச்விசி1’ என்ற குறியை. உள்ளே இருக்கும் படம் அச்சு அசல் ஒன்றேதான், ஆனாலும் இந்த நான்கு எழுத்துகளுக்காக ஐபோன் ஓட மறுக்கும்.

மாற்றும் வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் போதும். 720 வரிக்கு நல்ல தொடக்கம் இது: கோடெக் லிப்எக்ஸ்264 (எச்.264 என்கோடர்), ப்ரொஃபைல் ஹை, பிக்சல் வடிவம் ஒய்யுவி420பி, சிஆர்எஃப் (தர அளவு) 23, உச்ச பிட்ரேட் 2500கே, பஃபர் அளவு 5000கே, ஒலி ஏஏசி 128கே. சிஆர்எஃப் மட்டும் கொடுத்துவிட்டு உச்சவரம்பை விட்டுவிட்டால், மழை, கூட்டம், அலை போன்ற காட்சிகளில் பிட்ரேட் எகிறும். கைப்பேசி இணைப்பு சரியாக அந்த இடத்தில் சுற்றிக்கொண்டு நிற்கும். அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். 4:2:0இல் இரண்டுக்கு இரண்டு பிக்சலுக்கு ஒரு நிறத்தகவல்தான் என்பதால், 853 என்று அகலம் கொடுத்தால் என்கோடர் பிழை சொல்லி நின்றுவிடும்.

கோப்பின் உள்வரிசை

எம்பி4 கோப்பு பல பெட்டிகளால் ஆனது. ஒவ்வொரு பெட்டியும் அதன் நீளத்தைச் சொல்லும் 4 பைட்டிலும், பெயரைச் சொல்லும் 4 பைட்டிலும் தொடங்கும். ‘எம்டாட்’ என்ற பெட்டியில் படமும் ஒலியும் இருக்கின்றன. ‘மூவ்’ என்ற பெட்டியில் அட்டவணைகள் இருக்கின்றன: எந்த ஃபிரேம் எத்தனை பைட், கோப்பில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த நேரத்தில் காட்ட வேண்டும், எவை கீஃபிரேம்கள் (மற்ற ஃபிரேமைச் சாராமல் தனியே விரியும் முழுப் படங்கள்) என்ற விவரங்கள். மூவ் கைக்கு வராமல் எம்டாட்டில் இருப்பது வெறும் பைட் குவியல்தான்.

பதிவு செய்யும் கருவிக்கு, பதிவு முடியும்வரை மொத்தம் எத்தனை ஃபிரேம் வரும் என்று தெரியாது. ஆகவே எம்டாட்டை முதலில் எழுதிக்கொண்டே போய், நிறுத்தும் நேரத்தில் மூவைக் கடைசியில் சேர்க்கும். பதிவின் நடுவே பேட்டரி தீர்ந்து அணைந்த கருவியில் பல ஜிபி கோப்பு இருந்தும் எதிலும் திறக்காமல் போவது இதனால்தான். மூவ் எழுதப்படவே இல்லை. எடிட்டிங் மென்பொருள்களும் பல நேரம் இதே வரிசையில்தான் எழுதுகின்றன. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் அச்சான புத்தகம் போன்ற கோப்பு அது. வட்டில் இருக்கும்வரை பிளேயர் ஒரே தாவலில் கடைசிக்குப் போய்ப் படித்துக்கொள்ளும். இணையத்தில் வரும்போது பிளேயர் முதலில் தலைப்பகுதியைக் கேட்க வேண்டும், மூவ் அங்கே இல்லையென்று தெரிந்துகொண்டு வாலைக் கேட்க வேண்டும், பிறகு திரும்பவும் தொடக்கத்துக்கு வர வேண்டும். கைப்பேசி இணைப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருப்பு உண்டு. நடுவிலிருந்து எடுத்துத் தரத் தெரியாத சர்வர் என்றால் முழுக் கோப்பும் இறங்கிய பிறகுதான் முதல் ஃபிரேம் தெரியும்.

மூவை முன்னால் கொண்டுவருவது எளிது. எஃப்எஃப்எம்பெக்கில் ‘மூவ்ஃப்ளாக்ஸ்’ விருப்பத்துக்கு ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்ற மதிப்பு; ஹேண்ட்பிரேக் என்ற மாற்று மென்பொருளில் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற பெட்டியில் ஒரு டிக். மூவை வெட்டி முன்னால் ஒட்டினால் மட்டும் போதாது: எம்டாட் பின்னால் தள்ளப்படுவதால், அட்டவணையிலுள்ள ஒவ்வொரு இடக்குறிப்பும் மூவின் நீளத்தளவு கூடியாக வேண்டும். அதனால்தான் எஃப்எஃப்எம்பெக் கடைசியில் கோப்பை இன்னொரு முறை முழுவதுமாக எழுதுகிறது. கோப்பு ஏற்கெனவே எச்.264, ஏஏசி என்றால் மறுபடி என்கோட் செய்யவே வேண்டாம். கோடெக்குக்கு ‘காப்பி’ என்று கொடுத்து ஃபாஸ்ட்ஸ்டார்ட்டைச் சேர்த்தால் நொடிகளில் முடியும், தரமும் துளிகூடக் குறையாது. ஓடாத கோப்பு என்றதும் பலர் மணிக்கணக்கில் மறு என்கோடிங் செய்து, தரத்தையும் இழக்கிறார்கள். முதலில் இதைச் செய்து பாருங்கள்.

சர்வர் சொல்லும் பதில்

ஐபோனின் சஃபாரி ஒரு வீடியோவைத் தொடுவதற்கு முன்னால் சர்வரைச் சோதிக்கும். கோப்பின் எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் தலைப்பில் ‘பைட்ஸ்=0-1’ என்று போட்டு முதல் இரண்டு பைட்டை மட்டும் கேட்கும். சரியான பதில் 206 என்ற எண், ‘பைட்ஸ் 0-1/52428800’ என்பது போன்ற கன்டென்ட்-ரேஞ்ச் தலைப்பு, பிறகு இரண்டே இரண்டு பைட். சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது கோப்பின் முழு நீளம். சர்வர் இதைக் கண்டுகொள்ளாமல் 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பத் தொடங்கினால் சஃபாரி அத்தோடு விட்டுவிடும். குரோம் இந்த விஷயத்தில் கொஞ்சம் இடம்கொடுக்கும்: வீடியோ ஓடும், ஆனால் இன்னும் இறங்காத இடத்துக்கு இழுத்துவிட்டால் போகாது. ‘ஆண்ட்ராய்டில் ஓடுகிறது, ஐபோனில் மட்டும் ஓடவில்லை’ என்ற புகார் வந்தால் கோப்பு எச்.264தான் என்றால் கோடெக்கை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

டெர்மினலிலிருந்தே சர்வரைக் கேட்க உதவும் கர்ல் கட்டளையில் ரேஞ்ச் 0-1 என்று கொடுத்துத் தலைப்புகளை அச்சிடச் சொன்னால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் வட்டிலுள்ள கோப்பை நேரடியாகத் தரும்போது ரேஞ்சைச் சரியாகவே கையாளும். கோளாறு வருவது நடுவில் ஒரு நிரல் நிற்கும்போது. உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் வீடியோ காட்ட ஒரு பிஎச்பி நிரல் எழுதுவார்கள். அது கோப்பைத் திறந்து முழுவதையும் கொட்டும், ரேஞ்ச் என்று ஒன்று வந்ததையே பார்க்காது. அனுமதியைச் சரிபார்ப்பதோடு நிரலை நிறுத்திக்கொண்டு, கோப்பை அனுப்பும் வேலையைச் சர்வரிடமே கொடுப்பதுதான் நல்ல வழி: என்ஜின்எக்ஸில் எக்ஸ்-ஆக்செல்-ரீடைரக்ட், அப்பாச்சியில் எக்ஸ்-சென்ட்ஃபைல் தொகுதி. எம்பி4க்கு ஜிசிப் சுருக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே சுருங்கிய கோப்பு மேலும் சுருங்காது. பைட் கணக்கு குழம்புவது மட்டும்தான் மிச்சம். கன்டென்ட்-டைப் ‘வீடியோ/எம்பி4’ என்று வருகிறதா என்பதையும் அதே தலைப்புகளில் பார்த்துக்கொள்ளலாம்.

நீளமான வீடியோக்களுக்கு

சில நிமிட வீடியோவுக்கு மேலே சொன்ன ஒற்றைக் கோப்பு போதும். ஒரு மணிநேரப் பாடமோ கச்சேரியோ என்றால் இணைப்பின் வேகம் ஏறி இறங்கும். பார்ப்பவரின் டேட்டாவும் கணக்கில் வரும். நொடிக்கு 2.8 மெகாபிட் ஓடும் 720 வரி வீடியோ ஒரு மணிநேரத்தில் 1.26 ஜிபி எடுக்கும். 0.8 மெகாபிட்டில் 360 வரி என்றால் 360 எம்பி. ஆப்பிள் 2009இல் ஐபோன் ஓஎஸ் 3.0உடன் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை இதற்குத்தான். ஒரே வீடியோவைப் பல பிட்ரேட்டுகளில் என்கோட் செய்து, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக வெட்டி, எம்3யு8 என்று முடியும் பட்டியலில் எழுதிவைப்பார்கள். பிளேயர் ஒவ்வொரு துண்டும் இறங்கிய வேகத்தை அளந்து, அடுத்த துண்டை எந்தப் பிட்ரேட்டில் கேட்பது என்று முடிவு செய்யும்.

துண்டின் நீளம் 6 நொடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க முடியும். லிப்எக்ஸ்264 இயல்பாக 250 ஃபிரேம்வரை கீஃபிரேம் இல்லாமல் போகும். 30 ஃபிரேம் வீடியோவில் அது எட்டு நொடிக்கும் மேல். அப்புறம் 6 நொடியில் எங்கே வெட்டுவது? கீஃபிரேம் இடைவெளியை 60 என்று வைத்து, காட்சி மாற்றத்தில் தானாகக் கீஃபிரேம் போடுவதையும் நிறுத்தினால், எல்லாப் பிட்ரேட்டிலும் ஒரே நொடியில் கீஃபிரேம் விழும். இந்த ஒழுங்கு தவறினால் தரம் மாறும் நொடியில் படம் துள்ளும். எஃப்எஃப்எம்பெக்கில் இன்னொரு பொறியும் இருக்கிறது: நேரலைக்கென்று வைத்த இயல்பு அமைப்பில், பட்டியலில் கடைசி 5 துண்டுகள் மட்டுமே மிஞ்சும். வீடியோவின் கடைசிச் சில நொடிகள் மட்டும் ஓடுகின்றன என்றால் காரணம் இதுதான். பட்டியல் வகையை ‘விஓடி’ (நேரலையல்லாத, பதிவான வீடியோ) என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

ஐபோன் எச்எல்எஸ்ஸைத் தானாகவே ஓட்டும். மற்ற பிரவுசர்களுக்கு எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற நூலகத்தைச் சேர்ப்பதே நம்பகமானது. அப்போது துண்டுகள் வேறு டொமைனில் இருந்தால் மற்ற டொமைனின் பக்கத்துக்கு அனுமதி தரும் சிஓஆர்எஸ் தலைப்பு அவசியம். அதை மறந்தால் ஐபோனில் ஓடி, ஆண்ட்ராய்டில் ஓடாமல் போகும்.

பக்கத்தில் எழுத வேண்டியவை குறைவு. வீடியோ குறிச்சொல்லில் ‘ப்ளேஸ்இன்லைன்’ இல்லையென்றால் ஐபோன் வீடியோவை முழுத்திரைக்கு இழுத்துக்கொள்ளும். தானாக ஓட வேண்டும் என்றால் ‘மியூட்டட்’ கட்டாயம். அப்போதும் ஐபோன் குறைந்த மின்சக்தி நிலையில் இருந்தால் தானாக ஓடாது. எனவே போஸ்டர் படமும் கன்ட்ரோல்களும் எப்போதும் இருக்கட்டும். ப்ரீலோடுக்கு ‘மெட்டாடேட்டா’ என்று கொடுத்தால் பார்க்காதவரின் டேட்டா வீணாகாது. பக்கம் எச்டிடிபிஎஸ், வீடியோ முகவரி வெறும் எச்டிடிபி என்று கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஓடவில்லை என்றால், வீடியோவின் ‘எரர்’ பண்பில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கைப்பேசியைக் கணினியில் சொருகி, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் பார்க்கலாம். ஐபோனுக்கு ஒரு மேக் வேண்டும். 2 என்றால் இணைப்பு நடுவில் அறுந்திருக்கிறது. 3 என்றால் கோப்பு வந்து சேர்ந்தது, விரித்தெடுக்கும்போது தோற்றது. கோப்பு பழுதாகியிருக்கலாம், அல்லது பிட் ஆழம், ப்ரொஃபைல் இரண்டில் ஒன்று ஒத்துவரவில்லை. 4 என்றால் பிரவுசர் மூலத்தையே ஏற்கவில்லை: கர்ல் எடுத்துக்கொண்டு 206 வருகிறதா, கன்டென்ட்-டைப் சரிதானா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் மீடியாஇன்ஃபோவில் கோடெக்கின் பெயரைப் பாருங்கள்.