ஹேக்கில் பதியக் காசு கட்டாதீர்கள்

காணாமல்போன மகனின் ஒரே படத்தையும் செஞ்சிலுவைச் சங்கம் தந்த கடிதத்தின் மூலப்பிரதியையும் யாரோ ஒருவரிடம் கொடுத்து, "ஹேக்கில் பெயர் பதிய" என்று காசும் கட்டிவிட்டு, வெறும் பற்றுச்சீட்டோடு தாய்மார் கொழும்பில் நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடைக்கு வருகிறார்கள். அப்படி ஒரு பதிவே கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து இதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வன்னியிலும் இருக்கிற உங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கிற நீதிமன்றங்களில் இங்கே பேசப்படுபவை இரண்டு. சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கிடையிலான வழக்கை மட்டுமே கேட்கும். தனி ஆளோ சங்கமோ கட்சியோ அங்கே வழக்காளியாக முடியாது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனி மனிதர்களை விசாரிக்கும், ஆனால் அங்கே வழக்குத் தொடுப்பவர் அதன் வழக்குத்தொடுநர் மட்டுமே. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சட்டத்தில் இலங்கை சேரவில்லை. அதனால் இலங்கை மண்ணில் நடந்த குற்றத்தை அந்த நீதிமன்றம் எடுக்க வேண்டுமானால் ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பவேண்டும், அல்லது இலங்கையே அதன் நியாயாதிக்கத்தை ஏற்கவேண்டும், அல்லது எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், ரோம் சட்டத்தில் சேர்ந்த ஒரு நாட்டின் பிரஜையாக இருக்கவேண்டும். வழக்குத்தொடுநருக்குத் தகவல் அனுப்ப யாராலும் முடியும், அதற்கு ஒரு சதமும் கட்டணம் இல்லை. ஆனால் அனுப்பியது தகவல்தான். கிடைத்தது என்று ஒரு பதில் கடிதம் வந்தால் அதைச் சட்டகம் போட்டு, வழக்கு எடுபட்டுவிட்டது என்று கூட்டத்தில் காட்டுகிறார்கள். அது அஞ்சல் கிடைத்ததற்கான ஒப்புதல். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் ஜெனீவாத் தீர்மானமும் தீர்ப்பு அல்ல. 2023 ஜனவரியில் கனடாவும் 2025 மார்ச்சில் பிரித்தானியாவும் அறிவித்த தடைகளும் தீர்ப்பு அல்ல. தடை என்பது அரசாங்கம் எடுக்கிற நிர்வாக முடிவு. சொத்தை முடக்கலாம், நாட்டுக்குள் வராமல் மறிக்கலாம். சாட்சி விசாரணை இல்லை, குற்றத்தீர்ப்பு இல்லை, சிறையும் இல்லை. இன்னும் யோசித்தால், ஒரு நாட்டுக்குள் வரவே முடியாதவரை அந்த நாட்டில் வைத்துக் கைது செய்யவும் முடியாது. தடை அறிவிப்பு வந்த அன்று பட்டாசு கொளுத்துகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

அப்படியென்றால் கதவு எங்கே? பிற நாடுகளின் சாதாரணக் குற்றவியல் நீதிமன்றங்களில். குற்றம் எங்கே நடந்திருந்தாலும், செய்தவர் எந்த நாட்டவராக இருந்தாலும், தன் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்று பல நாடுகள் எழுதி வைத்திருக்கின்றன. இதற்குப் பெயர் உலகளாவிய நியாயாதிக்கம். கொழும்பு மேல் நீதிமன்றத்துக்குக்கூட இது புதிதல்ல. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டமும் 2006ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஜெனீவா சமவாயங்கள் சட்டமும் வெளிநாட்டில் நடந்த குற்றத்தையும் தொடுகின்றன. ஆனால் இரண்டாவது சட்டம் பிடிப்பது பாரதூரமான மீறல்களை. அவை நாடுகளுக்கிடையிலான போருக்கு உரியவை. உள்நாட்டுப் போருக்கு அது உதவாது. இனப்படுகொலைச் சமவாயத்தில் இலங்கை 1950இலேயே சேர்ந்தும், அதை உள்நாட்டில் குற்றமாக்குகிற சட்டத்தை இன்னும் இயற்றவில்லை.

ஒவ்வொரு நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு தொடக்கத் திகதியும் ஒரு வாசற்படியும் உண்டு. இவை இரண்டையும் பார்க்காமல் எழுதுகிற முறைப்பாடு குப்பைக்குப் போகும். ஜேர்மனியின் சர்வதேசக் குற்றச் சட்டம் 2002 ஜூன் 30இல் நடைமுறைக்கு வந்தது. தொண்ணூறுகளில் நடந்ததை அதன் கீழ் கொண்டுபோக முடியாது, 2009இன் இறுதிப் போரில் நடந்ததை முடியும். பிரித்தானியாவில் போர்க்குற்றத்துக்கும் இனப்படுகொலைக்கும் 2001ஆம் ஆண்டுச் சட்டம். 2009இல் செய்த திருத்தத்தால் அது 1991 ஜனவரி 1 வரை பின்னோக்கிப் போகும். ஆனால் எதிரி பிரித்தானியப் பிரஜையாகவோ அங்கே வதிபவராகவோ இருக்கவேண்டும். சித்திரவதைக்கு மட்டும் தனிச் சட்டம், 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அதற்கு வதிவிடம் தேவையில்லை. காபூல் வீதிச் சோதனைச்சாவடியில் ஆட்களை வதைத்த ஆப்கான் தளபதி ஃபர்யாதி சர்தாத் 2005இல் லண்டனில் 20 வருடம் பெற்றது இந்தப் பிரிவில்தான். சாட்சிகள் பலர் காபூலிலிருந்து வீடியோ இணைப்பில் பேசினார்கள். அதே பிரிவில் 2013இல் கைதான நேபாளக் கேணல் குமார் லாமா 2016இல் ஒரு குற்றச்சாட்டில் விடுதலையானார், மற்றதில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. கைதை வெற்றி என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு வழக்குகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

எங்கள் ஊருக்கு நெருக்கமானது யாழ்ப்பாணப் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் கொல்லப்பட்ட வழக்கு. அது தொடர்பில் 2022இல் இங்கிலாந்தில் ஒருவரை லண்டன் பொலிஸின் போர்க்குற்றப் பிரிவு கைது செய்தது, பின்னர் விசாரணை தொடர விடுவித்தது. சம்பவத்துக்கும் கைதுக்கும் இடையில் 20 வருடத்துக்கு மேல். சட்டம் பக்கம் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். பிடிபட்ட படையினர் கொல்லப்பட்டது தொடர்பில் 2020இல் ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நீதிமன்றம் தண்டித்தது புலிகளின் முன்னாள் உறுப்பினர் ஒருவரை.

பதவியில் இருக்கும் நாட்டுத் தலைவர், பிரதமர், வெளிநாட்டமைச்சர் ஆகியோரைப் பிற நாட்டு நீதிமன்றம் தொட முடியாது. சர்வதேச நீதிமன்றம் 2002இல் கொங்கோ, பெல்ஜியம் வழக்கில் இதை வெளிநாட்டமைச்சரை வைத்தே தெளிவாக்கியது. தூதுவருக்கும் அவர் பணியாற்றும் நாட்டில் பாதுகாப்பு உண்டு. 2017இல் ஜெனரல் ஜகத் ஜயசூரியவுக்கு எதிராகப் பிரேசிலில் முறைப்பாடு போனபோது அவர் அங்கே தூதுவர். முறைப்பாடு வெளியே தெரியவந்த நேரத்தில் நாட்டைவிட்டுப் போயிருந்தார், குற்றச்சாட்டுகளையும் மறுத்தார். 2022 ஜூலையில் சிங்கப்பூரில் கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராகக் கொடுக்கப்பட்ட முறைப்பாடு அவர் பதவி விலகிய பின்னர் போனது. அந்த நேரக் கணக்கு காரணமில்லாமல் போட்டதல்ல.

இனி, எல்லோரும் பிழைவிடுகிற இடம். பத்தாயிரம் கையெழுத்து, நூறு பக்க வரலாறு, 1948இலிருந்து தொடங்குகிற முன்னுரை. வழக்குத்தொடுநருக்கு இவை தேவையில்லை. ஈராக்கின் சிறுபான்மைச் சமயத்தவரான யஸீதிகளின் இனப்படுகொலைக்காக உலகில் முதல் தண்டனை 2021 நவம்பரில் ஃபிராங்ஃபேர்ட்டில் கிடைத்தது. குற்றம் நடந்தது ஈராக்கில், எதிரி ஈராக்கியர், பிடிபட்டது கிரேக்கத்தில். வழக்கின் நடுவில் நின்றது ஒரே ஒரு ஐந்து வயதுப் பிள்ளை. 2015இல் ஃபலூஜாவில் ஒரு வீட்டின் ஜன்னல் கம்பியில் கொடும் வெயிலில் கட்டப்பட்டு அந்தப் பிள்ளை இறந்தது. தாய் சாட்சி சொன்னார். அந்த ஒரு வீடு, ஒரு முற்றம், ஒரு மனிதன் என்று முதலில் நிரூபித்து, அதன் பிறகு அவன் மனதில் இருந்தது அந்த இனத்தையே அழிக்கும் நோக்கம் என்று காட்டினார்கள். இனப்படுகொலையில் கடினமான பகுதி அந்த நோக்கம்தான். எண்ணிக்கையைக் கூட்டினால் நோக்கம் தானாக வந்துவிடாது.

ஆகவே உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். கண்ணால் கண்டது வேறு, கேள்விப்பட்டது வேறு. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். திகதி நினைவில்லை என்றால் நினைவில்லை என்றே எழுதுங்கள். "புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி புதுமாத்தளனுக்கு மாறிய பிறகு, இரண்டு மூன்று நாளுக்குள்" என்று சொல்வது, இணையத்தில் பார்த்து எழுதிய பிழையான திகதியைவிட ஆயிரம் மடங்கு பெறுமதி. சீருடையின் நிறம், வாகனம், எந்தத் திசையிலிருந்து செல் (எறிகணை) வந்தது, பக்கத்தில் யார் நின்றார்கள், எவ்வளவு தூரம் என்பவையெல்லாம் வேண்டும். "இராணுவம் செய்தது" என்ற வரியால் ஒருவரையும் குற்றக்கூண்டில் ஏற்ற முடியாது. எந்தப் படைப்பிரிவு, யாருடைய கட்டளை என்ற தொடர்பு வேண்டும். அது உங்களுக்குத் தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள். அதைத் தேடுவது விசாரணையாளரின் வேலை.

விரிவான வாக்குமூலத்தை ஊரெல்லாம் கொடுக்காதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒன்று, ஒரு தொலைக்காட்சிக்கு ஒன்று, ஆணைக்குழுவுக்கு ஒன்று என்று ஐந்து வாக்குமூலம் இருந்தால், எதிரியின் சட்டத்தரணி ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டைத் தேடுவார். "மூன்று பேர்" ஒன்றில் "நான்கு பேர்" ஆகியிருந்தால் போதும், உண்மையைச் சொன்ன சாட்சி பொய்யராக்கப்படுவார். அதனால்தான் யூரோஜஸ்ட் என்ற ஐரோப்பிய ஒன்றிய நிறுவனமும் ஹேக் குற்றவியல் நீதிமன்ற வழக்குத்தொடுநரும் 2022இல் சிவில் அமைப்புகளுக்கு வெளியிட்ட வழிகாட்டல், முழு வாக்குமூலம் எடுக்காமல் சுருக்கமான முதல் விபரத்தோடு நிறுத்தச் சொல்கிறது. ஏற்கெனவே யார் யாருக்குக் கொடுத்தீர்கள், எப்போது, எந்த மொழியில் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள். விளங்காத மொழியில் இருக்கிற தாளிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

படமும் வீடியோவும். வட்ஸ்அப்பில் வந்தது மூலம் அல்ல. அது பெரும்பாலும் கோப்பைச் சுருக்கி, எடுத்த நேரம், கருவி போன்ற தகவலை அழித்துவிடும். பழைய போனையும் மெமரி கார்டையும் அப்படியே வைத்திருங்கள், அதில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். பிரதி எடுக்கத் தெரிந்தவரைக் கொண்டு எடுப்பித்து, எஸ்.எச்.ஏ-256 எண்ணை, அதாவது கோப்பிலிருந்து கணினி கணக்கிடுகிற கைரேகை போன்ற எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும், மாறாமல் இருந்தால் கோப்பில் கைவைக்கவில்லை என்று காட்டலாம். சிவப்பு வட்டம் போடாதீர்கள், வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். பத்திரங்களை லமினேட் பண்ணாதீர்கள். எத்தனை நல்ல கடிதங்கள் பிளாஸ்ரிக்குக்குள் ஒட்டி, மையும் தாளும் சோதிக்க முடியாமல் போயிருக்கின்றன. பிளாஸ்ரிக் உறையில் தளர்வாக வையுங்கள், போதும். மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் வாங்கியவரின் பெயர், திகதி, கையெழுத்து எடுங்கள்.

வெளிநாட்டில் தஞ்சம் கேட்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும், கோபத்தோடுதான் சொல்கிறேன். வழக்குப் பலப்படும் என்று சொல்லி, செய்யாத காரியத்தைச் செய்ததாக ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுக்கிற கதையில் கையெழுத்து வைக்காதீர்கள். கைதியைக் காவல் காத்தேன், விசாரணைக்கு இழுத்துப் போனேன் என்று எழுதினால், 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் 1எஃப் பிரிவின் கீழ் தஞ்சமே மறுக்கப்படலாம். பல நாடுகளில் அந்தக் கோப்பு நேராகப் போர்க்குற்றப் பிரிவுக்குப் போகும். சிரியப் புலனாய்வுக் கேணல் அன்வர் ரஸ்லான் ஜேர்மனியில் மாட்டுப்பட்டதில் அவர் தானே பொலிஸிடம் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னதற்குப் பெரும் பங்கு உண்டு. 2022 ஜனவரியில் கொப்லென்ஸில் ஆயுள் தண்டனை கிடைத்தது. பொய்க் கதையில் நீங்கள் அப்பாவியாக இருந்தாலும், அந்தத் தாள் உங்களை எதிரியாக்கும்.

முறைப்பாட்டை எப்போது கொடுப்பது? சந்தேகநபர் எந்த நாட்டில் வசிக்கிறார் அல்லது எங்கே வரப்போகிறார் என்று தெரிந்த பிறகு. ஜேர்மனியில் யாரும் கொடுக்கலாம், காசில்லை. ஆனால் சந்தேகநபர் அங்கே இல்லை, வரும் சாத்தியமும் இல்லை என்றால் வழக்குத்தொடுநர் கைவிட அதிகாரம் உண்டு. பேஸ்புக்கில் அறிவித்துவிட்டுக் கொடுப்பது அவருக்கு விமானச் சீட்டை மாற்றச் சொல்லிக் கொடுப்பதற்குச் சமம். சாட்சிகளின் பெயரை வெளியிடுவது அதைவிடப் பெரிய குற்றம், ஏனென்றால் அந்தச் சாட்சியின் வீடு இங்கே இருக்கிறது. வெளிநாட்டுப் பொலிஸ் இங்கே வந்து தன் பாட்டில் வாக்குமூலம் எடுக்க முடியாது, 2002ஆம் ஆண்டின் பரஸ்பர உதவிச் சட்டத்தின்படி நீதியமைச்சு ஊடாகவே வரவேண்டும். ஆகவே வெளிநாட்டில் குடியேறிய உறவினர்தான் பெரும்பாலும் முதற் சாட்சி. அங்கேயிருக்கிற அண்ணன், அக்காமாரிடம் அவர்களுடைய ஊரின் போர்க்குற்றப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி வைக்கச் சொல்லுங்கள்.

உள்நாட்டு வழியையும் கைவிடாதீர்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவின்படி கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் காலவரையறை இல்லை, ஏனைய குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம். 2009இல் நடந்தவற்றுக்கு அது 2029. ஆட்கொணர்வு மனு, மனித உரிமைகள் ஆணைக்குழு முறைப்பாடு, காணாமற்போனோர் அலுவலகக் கடிதம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை எல்லாவற்றின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இங்கே நீதி கிடைக்கவில்லை என்று வெளிநாட்டு வழக்குத்தொடுநருக்குக் காட்டுவதே அந்த இலக்கங்களை வைத்துத்தான். வயதான அம்மா, அப்பாமார் வைத்திருக்கிற கோப்புக்கு அடுத்த பொறுப்பாளர் யார் என்று இந்த மாதமே குடும்பத்தில் பேசி, அவர் பெயரைக் கோப்பின் முதல் தாளில் எழுதுங்கள்.