ஆர்என்ஏ பிணைபுரதம்

மரபணுவிலிருந்து எடுத்த ஆர்என்ஏ படி நேராக வேலைக்குப் போய்விடாது. வேண்டாத துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டி, உட்கருவுக்கு வெளியே அனுப்பி, வேலை முடிந்ததும் அழிக்கவும் வேண்டும். ஆர்என்ஏ-வைப் பற்றிக்கொண்டு இதையெல்லாம் செய்பவைதான் ஆர்என்ஏ பிணைபுரதங்கள், ஆங்கிலத்தில் ஆர்என்ஏ பைண்டிங் புரோட்டீன். மனிதருக்கு இவை 1,500-க்கும் மேல்.

புரோட்டீன் என்ற பெயர் 1838-இல் வந்தது. 'முதன்மையான' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வேதியியலாளர் பெர்சீலியஸ் பரிந்துரைத்தார், இன்னொரு வேதியியலாளர் முல்டர் கட்டுரையில் எழுதினார். தமிழில் புரதம் நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டியதில்லை.

யோசிக்க வேண்டியது நடுவில் வரும் 'பைண்டிங்' என்ற சொல். 'ஆர்என்ஏ-வைப் பிணைக்கும் புரதம்' என்று பலர் எழுதுகிறார்கள். பிணைத்தல் பிறவினை, இரண்டு ஆர்என்ஏ-க்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் புரதம் என்றுகூடப் படிக்கலாம். இங்கே புரதமே போய் ஒட்டிக்கொள்கிறது, அதாவது பிணைகிறது. அதனால் வினைத்தொகையாகப் 'பிணைபுரதம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'பிணைப்புப் புரதம்' என்பதும் பிழையில்லை, நடுவில் ஒற்று மட்டும் விடக்கூடாது.

நோய்க்கு வருவோம். டிடிபி-43 என்ற பிணைபுரதம் உட்கருவில் இருந்துகொண்டு ஆர்என்ஏ-வை வெட்டி ஒட்டும் வேலையைக் கண்காணிக்கிறது. எச்ஐவி-யின் டிஎன்ஏ-வில் ஒட்டுவதாக 1995-இல் கண்டதால் பெயரில் இரண்டாவது 'டி'யாக டிஎன்ஏ நுழைந்துவிட்டது. முக்கிய வேலையெல்லாம் ஆர்என்ஏ-வில்தான். ஏஎல்எஸ் என்ற இயக்க நரம்பணு நோயில் இது உட்கருவை விட்டு வெளியேறி, நரம்பணுவில் கட்டியாகத் திரள்கிறது. 2006-இல் இது தெரியவந்தது. கண்காணிப்பு போனதும், நரம்பிழை மீண்டும் வளரத் தேவைப்படும் ஸ்டாத்மின்-2 புரதத்தின் ஆர்என்ஏ-வில் வேண்டாத துண்டு நுழைகிறது, புரதம் குறைகிறது. திரண்ட கட்டி, காலியான உட்கரு இரண்டுமே கேடுதான்.

மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற பரம்பரைத் தசைநோயின் முதல் வகையில் கதை வேறு. அங்கே புரதத்தில் குறையே இல்லை. ஒரு மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் அளவுக்கு மீறி நீள்கிறது. அதிலிருந்து வரும் ஆர்என்ஏ, மஸ்கிள்பிளைண்ட் என்ற பிணைபுரதத்தைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்கிறது. பிணைந்த புரதம் பிணைக்கைதியாகிவிடுகிறது. தசைச் செல்லில் குளோரைடு போய்வரும் வாயிலாக இருக்கும் புரதத்துக்கான ஆர்என்ஏ தவறாக வெட்டப்பட, இறுகப் பிடித்த கை சட்டென்று விரிய மறுக்கிறது.

இந்தப் பிணைப்பைத் தடுத்தே மருத்துவமும் செய்யலாம். முதுகுத்தண்டுத் தசைநலிவுக்கு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினர்சென் என்ற மருந்து, ஒரு பிணைபுரதம் உட்காரும் இடத்தில் தான் போய் அமர்கிறது. அதனால் விடுபட்டுக்கொண்டிருந்த ஏழாவது துண்டு ஆர்என்ஏ-வில் சேர்ந்து, நரம்பணுவுக்குத் தேவையான எஸ்எம்என் புரதம் முழுமையாக உருவாகிறது.