பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்க முடியாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெருங்குடியிலிருந்து ஒரு போன். நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. "சார், ஒரு மெயில் வந்திருக்கு, மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க, ஆனா மிரட்டல் மாதிரியும் இருக்கு." அனுப்பச் சொல்லிப் படித்தேன். மரியாதையாகத்தான் இருந்தது. உங்கள் செயலியின் பெயரை முப்பது நாளில் மாற்றுங்கள், அவ்வளவுதான் விஷயம்.

நடந்தது இதுதான். ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் நிரலை எடுத்து மாற்றலாம் என்று திறந்து வைத்த) பில்லிங் மென்பொருளை எடுத்து, ஜிஎஸ்டிக்கு ஏற்ப மாற்றி, தமிழ் ரசீது வரும்படி செய்து, மூலத்தின் பெயருக்குப் பின்னால் 'தமிழ்' என்று சேர்த்து வெளியிட்டுவிட்டார்கள். வேலை உண்மையிலேயே நன்றாக இருந்தது. "ஃப்ரீ லைசென்ஸ்தானே சார், எடுத்து விக்கலாம்னு போட்டிருக்கே?" என்றார் போன் செய்த தம்பி. போட்டிருக்கிறது. அதற்கு நாலு வரி கீழே, இதிலிருந்து உருவாகும் எதற்கும் எங்கள் பெயரை வைக்கக் கூடாது, பெயரின் பகுதியாகக்கூட வரக் கூடாது என்றும் போட்டிருக்கிறது. அனுமதி தரும் வரி வந்ததும் படிப்பதை நிறுத்திவிடுவது நம் ஊரில் எல்லாரிடமும் இருக்கும் வழக்கம், ஐடி கம்பெனி வக்கீல்கள் சிலரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நமக்கு இது உறைக்காததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பெயரன், பேச்சில் பேரன். ஒன்றிலிருந்து பிறந்தது அதன் பெயரைச் சுமப்பதுதான் நமக்கு மரியாதை. மென்பொருளில் அது அப்படியே தலைகீழ். வழிவந்தது வேறு பெயரில் வாழ வேண்டும்.

இதெல்லாம் ஓப்பன் சோர்ஸே இல்லை என்று சிலர் கோபப்படுவார்கள். அப்படி இல்லை, எது ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லும் வரையறையின் நாலாவது விதியே, மாற்றிய பதிப்புக்கு வேறு பெயரோ வேறு பதிப்பு எண்ணோ வேண்டும் என்று உரிமம் கேட்கலாம் என்கிறது. வலைத்தளம் எழுதப் பயன்படும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 3.01 உரிமத்தில் இது பச்சையாகவே எழுதியிருக்கும்: வழிவந்த பொருளின் பெயரில் பிஎச்பி என்ற சொல் வரக் கூடாது, வேண்டுமானால் 'பிஎச்பிக்கான இன்னது' என்று சொல்லிக்கொள்ளலாம். அப்பாச்சி என்ற இன்னொரு ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் பழைய 1.1 பதிப்பிலும் இதே பூட்டு இருந்தது. 2004-ல் வந்த அப்பாச்சி 2.0 அதைத் தளர்த்தி, வர்த்தகக் குறிக்கு (டிரேட்மார்க்) உரிமை தரவில்லை, எங்கிருந்து வந்தது என்று சொல்லும் அளவுக்கு மட்டும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று மாற்றியது.

இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. பெயர்த் தடை உரிமத்துக்குள்ளேயே நிபந்தனையாக இருந்தால், அதை மீறும்போது நிரலைப் பயன்படுத்தும் அனுமதியே ஆட்டம் காணும், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வரை பேச்சு போகும். உரிமத்தில் ஒன்றும் இல்லை, பெயர் மட்டும் பதிவாகியிருக்கிறது என்றால் 1999-ஆம் ஆண்டு வர்த்தகக் குறிச் சட்டத்தோடு பிரச்சினை நிற்கும். பெரும்பாலானவர்கள் லைசென்ஸ் ஃபைலில் தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். வர்த்தகக் குறி விதிகளைப் பல திட்டங்கள் தனிப் பக்கத்தில் வைத்திருக்கும். அதையும் பாருங்கள்.

பெரிய இடங்களுக்கும் இதே கதைதான். 2006-ல் லினக்ஸ் இயங்குதளம் வெளியிடும் டெபியன் குழு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தன் வசதிக்குத் திருத்தி வெளியிட நினைத்தபோது, அந்தப் பெயரில் வேண்டுமென்றால் திருத்தங்களை எங்களிடம் காட்டுங்கள் என்றது ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா. டெபியன் பெயரை ஐஸ்வீசல் என்று மாற்றிக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸ் பெயர் அங்கே திரும்பி வர 2016 ஆயிற்று. ஒரு கம்பெனியின் லினக்ஸை எடுத்து உருவாக்கிய சென்ட்ஓஎஸ் இன்னும் வேடிக்கை. மூலக் கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் 'வட அமெரிக்காவின் பிரபலமான ஒரு லினக்ஸ் நிறுவனம்' என்று எழுதிவந்தார்கள், புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பாட்டிகள் மாதிரி.

நம் ஊரில் அதிகம் மாட்டுவது எழுத்துருவில்தான். திருவல்லிக்கேணியில் புத்தக வடிவமைப்பு செய்யும் ஒரு நண்பர் ஒரு தமிழ் எழுத்துருவில் ௧, ௨, ௩ எண்களைத் தானே வரைந்து சேர்த்து, அதே பெயரில் எல்லாருக்கும் கொடுத்துவந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு இருந்தது, எழுத்துருக்களுக்கென்றே எஸ்ஐஎல் அமைப்பு எழுதிய ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ். 2007-ல் வந்த அதன் 1.1 பதிப்பில், எழுத்துருவை உருவாக்கியவர் ஒரு பெயரை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். பதிப்புரிமை வரிக்குப் பக்கத்திலேயே ஒதுக்கிய பெயர் இன்னது என்று எழுதியிருப்பார். அப்படி எழுதியிருந்தால், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் திருத்திய எழுத்துரு அந்தப் பெயரில் வரக் கூடாது. நிபந்தனையை மீறினால் உரிமமே செல்லாது என்று கடைசியில் ஒரு வரி வேறு இருக்கிறது. "ஃபைல் பெயரை மாத்திட்டேனே" என்றார் நண்பர். அது போதாது. வேர்டில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் தெரிகிறதே, உள்ளே பொதிந்திருக்கும் அந்தப் பெயர்தான் கணக்கு. ஒதுக்கிய பெயர் எதுவும் அறிவிக்காத எழுத்துருக்களும் நிறைய இருக்கின்றன, அவற்றில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் திருத்த உட்காரும் முன் அந்த ஒற்றை வரியைத் தேடுங்கள்.

நேர் எதிரான கூத்தும் இப்போது உண்டு. 2024-ல் வந்த, மெட்டாவின் லாமா 3 என்ற ஏஐ மாடலின் உரிமம், அதைக்கொண்டு உருவாக்கிய மாடலை வெளியிட்டால் பெயரின் தொடக்கத்திலேயே 'லாமா 3' என்று வர வேண்டும் என்கிறது. அது ஓப்பன் சோர்ஸ் உரிமம் இல்லை என்பது வேறு சண்டை.

சரி, பெருங்குடிக்கு வருவோம். லோகோ, விசிட்டிங் கார்டு, நந்தம்பாக்கம் கண்காட்சிக்கு அடித்த பேனர் எல்லாம் போனது. அதைவிட வலித்தது வேறு. ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயரை மாற்றிவிடலாம், உள்ளே இருக்கும் பேக்கேஜ் அடையாளத்தை வெளியிட்ட பிறகு மாற்றவே முடியாது, இவர்கள் மூலத்தின் பெயரை அதிலும் போட்டு வைத்திருந்தார்கள். புதிய செயலியாக ஏற்ற வேண்டியதாயிற்று. இரண்டு வருடமாகச் சேர்த்த ரிவ்யூ எல்லாம் பழையதோடு நின்றுவிட்டன. 'இன்ன மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது' என்று விவரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாலே அவர்கள் நினைத்த விளம்பரம் கிடைத்திருக்கும், அதற்கு யாரும் ஆட்சேபிக்கவும் இல்லை.

போன வாரம் புதுப் பெயரோடு வந்தார் தம்பி. வர்த்தகக் குறிப் பதிவேட்டில் தேடக் கட்டணம் இல்லை, கிண்டி ஆபீசுக்குப் போகவும் வேண்டாம், இருந்த இடத்திலேயே உட்கார்ந்து பார்த்தோம். மென்பொருளுக்கான 9-ஆம் வகுப்பில் அதே பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.