வாசலில் நிற்கும் லாரியும் வாடகைக் கணக்கும்

சரக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை என்று என்னை அழைக்கும் தொழிற்சாலைகளில், லாரி ஆபீஸ்களின் ரேட் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் செக்யூரிட்டி எழுதும் வண்டி வரவு நோட்டைக் கேட்டு வாங்குவது என் வழக்கம். கோயம்புத்தூரை அடுத்த ஒரு பம்ப் கம்பெனியில் அந்த நோட்டைப் புரட்டியபோது, காலை ஒன்பதே காலுக்கு உள்ளே வந்த ஒரு வண்டி மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் வெளியேறியிருந்தது. அதே பக்கத்தில் அப்படி இன்னும் நான்கு வண்டிகள் இருந்தன. விசாரித்தால், பில் போடும் பிரிவுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஆர்டர் உறுதியாகி வருமாம், சுமை ஏற்றுபவர்களோ ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார்களாம். அந்த மாதம் முழுவதும் அங்கிருந்த மேலாளர், டன்னுக்கு ஐம்பது ரூபாய் குறைப்பதற்காக ஏழு புரோக்கர்களிடம் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.

நாம் டன் கணக்கில் பேரம் பேசுகிறோம். லாரிக்காரர் நாள் கணக்கில் யோசிக்கிறார். வண்டி ஓடினாலும் நின்றாலும் ஃபைனான்ஸ் தவணை, இன்ஷூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) செலவு, டிரைவர் சம்பளம் ஆகியவை நிற்பதில்லை. இவையெல்லாம் சேர்ந்து மாதம் 1,20,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஏழரை நாளுக்கு ஒரு நடை வீதம் மாதம் நான்கு நடை அடித்தால், ஒரு நடை தாங்க வேண்டிய பங்கு 30,000 ரூபாய். ஏற்றும் இடத்தில் ஒரு நாளும் இறக்கும் இடத்தில் ஒன்றரை நாளும் வீணானால் நடை மூன்றாகச் சுருங்கி, அதே பங்கு 40,000 ஆகிவிடும். இருபது டன் லோடுக்கு இந்த வித்தியாசம் டன்னுக்கு 500 ரூபாய். ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம் என்று தனியாகப் பில்லில் வராவிட்டாலும், அடுத்த முறை ரேட் கேட்கும்போது அந்தத் தொகை சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். எந்தக் கம்பெனி வாசலில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டிரைவர்கள் அனைவருக்கும் தெரியும். தெரியாதவர் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் முதலாளி மட்டுமே.

அந்தப் பம்ப் கம்பெனியில் நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான வேலை. மறுநாள் லோடை முந்தைய நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் உறுதி செய்வது, வண்டிக்கு வரவேண்டிய நேரத்தைச் சொல்லியே அழைப்பது, சுமை ஏற்றுபவர்களில் பாதிப் பேரின் வேலை நேரத்தை இரவு எட்டு மணி வரை தள்ளிவைப்பது. இதன் பிறகுதான் ரேட் பேச உட்கார்ந்தோம்.

ரேட் பேசும்போது திரும்பும் லோடு எங்கே கிடைக்கும் என்பதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அக்டோபரில் புதிய பருத்தி வரத்து தொடங்கிய பிறகு, குஜராத்திலிருந்து நம் நூற்பாலைகளுக்குப் பேல்கள் (பஞ்சுக் கட்டுகள்) ஏற்றி வரும் வண்டிக்கு அங்கே போவதற்கும் ஒரு லோடு தேவை. அந்த மாதங்களில் அந்தத் தடத்துக்குக் கிடைக்கும் குறைந்த ரேட்டை, காலியாகவே திரும்ப வேண்டிய ஊருக்கும் கேட்டு வாதாடுவதில் பயனில்லை. மாறாக, டன் ரேட் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக வந்தால், அளவுக்கு மீறி ஏற்றும் திட்டம் அதில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று அச்சுள்ள பத்துச் சக்கர லாரிக்கு, 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படியும், வண்டியின் சொந்த எடையையும் சேர்த்து 28.5 டன்தான் அனுமதி. மீறினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிக எடையை இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க முடியும் என்பதால், நம் சரக்கு நடுவழியில் கிடக்கும்.

பார்சலில் அனுப்புபவர்கள் கிலோ ரேட்டை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டடி நீளம், அகலம், உயரம் கொண்ட அட்டைப் பெட்டி எட்டுக் கன அடி. பெட்டி அடைக்கும் இடத்தை எடையாகக் கணக்கிட கன அடிக்குப் பத்துக் கிலோ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், உள்ளே 35 கிலோ சரக்கே இருந்தாலும் 80 கிலோவுக்குப் பில் வரும். அந்தப் பத்தை ஏழாகப் பேசி முடித்தால் பில் எடை 56 கிலோவாகும். பெட்டியைச் சரக்குக்கு ஏற்ற அளவில் செய்வது அதைவிட நல்லது.

ஆண்டு ஒப்பந்தத்துக்கு விலைப்புள்ளி கேட்பவர்கள், ஆகக் குறைந்த ரேட் கொடுத்த ஒருவரிடமே எல்லாத் தடங்களையும் ஒப்படைத்துவிட வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளியே ரேட் ஏறியிருக்க, டிரைவர்களும் ஊருக்குப் போயிருக்க, அவரால் வண்டி தர முடியாது. அப்போது புக்கிங் ஆபீஸில் சொன்ன விலைக்கு எடுக்கும் நான்கு வண்டிகள் ஆண்டு முழுவதும் மிச்சம் பிடித்ததை விழுங்கிவிடும். தடத்துக்கு இருவரை வைத்து, பெரிய பங்கை ஒருவருக்குத் தருவதே என் பரிந்துரை. 2017 ஜூன் முதல் டீசல் விலை தினமும் மாறக்கூடியது என்பதால், எந்த ஊரின் எந்தத் தேதி விலையை அடிப்படையாக வைத்து வாடகை ஏறும், இறங்கும் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும் என்ற சொல்லைப் பலர் எழுத மறந்துவிடுகிறார்கள்.

சரக்குச் சேதத்தையும் வாடகைச் செலவாகவே நான் கணக்கிடுகிறேன். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்தைச் செலுத்தாத நிலையில், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பை வாடகையின் பத்து மடங்குக்குள் நிறுத்துகின்றன. 800 ரூபாய் வாடகையில் போன மோட்டார் உடைந்தால், அதன் விலை என்னவாக இருந்தாலும் 8,000 ரூபாய்க்கு மேல் கேட்க வழியில்லை. அதைக் கேட்பதற்கும், புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பெட்டி நசுங்கியிருந்ததை டெலிவரி எடுக்கும்போதே லாரி ரசீதில் எழுதிக் கையொப்பம் வாங்கும்படி, உங்கள் டீலர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.