அந்த ‘பே’ நம் ஊருக்கு ஏன் இன்னும் வரவில்லை?

கார்டு, பேமென்ட் துறையில் எனக்குப் பதினைந்து வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல், கடைகளில் வைக்கும் ஸ்வைப்பிங் மெஷின்களைச் சோதித்துச் சான்று வாங்கும் வேலையில் போனது. கல்யாண வீட்டில் டாக்டரைப் பார்த்தால் முதுகுவலியைச் சொல்வார்கள் அல்லவா, அப்படி என்னைப் பார்த்தால் ஒரு கேள்வி வரும்: “வெளிநாட்டில் ஆப்பிள் பே என்று, கடை மெஷினிடம் ஐபோனைக் காட்டினாலே கார்டிலிருந்து காசு போய்விடுகிறதாமே, அது ஏன் இங்கே வரவில்லை?”

தொழில்நுட்பம் இல்லாததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆப் எழுதுவதுதான் இதில் சுலபமான பகுதி. கமிஷன் யார் பையிலிருந்து போகும், தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது, இந்த இரண்டும் முடிவாகாமல் வண்டி நகராது.

தென்கொரியாவைப் பாருங்கள். சாம்சங்கின் சொந்த ஊர். கார்டு இல்லாத ஆள் அபூர்வம். ஆப்பிள் பே அமெரிக்காவில் 2014 அக்டோபரில் வந்தது; கொரியாவுக்கு 2023 மார்ச்சில்தான், அதுவும் ஹூண்டாய் கார்டு என்ற ஒரே நிறுவனத்தோடு. எட்டரை வருட இடைவெளி. ஏன்?

முதல் முட்டுக்கட்டை கடை மேசையில் இருந்தது. ஆப்பிள் பே வேலை செய்ய, மெஷினில் என்எஃப்சி வேண்டும், அதாவது போனை அருகில் காட்டினாலே தகவலைப் படிக்கும் வசதி. கொரியக் கடைகளில் பத்தில் ஒன்றில்தான் அது இருந்தது என்று அப்போது பேசப்பட்டது. மற்றவை கார்டைத் தேய்க்கும், சிப்பைச் செருகும் பழைய மெஷின்கள். நன்றாக ஓடுகிற மெஷினைக் கடைக்காரர் எதற்குத் தூக்கிப் போடுவார்? சாம்சங் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்தது. 2015-ல் லூப்பே என்ற நிறுவனத்தை வாங்கி, கார்டின் காந்தப் பட்டை தேய்க்கப்படுவது போலப் பழைய மெஷினை நம்பவைக்கும் வித்தையைப் போனுக்குள் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சாம்சங் பே கொரியாவில் வந்துவிட்டது. மெஷின் மாறவில்லை, போன்தான் மாறியது. (எங்கள் தொழிலில் இதைக் கேட்டு முதலில் சிரித்தோம், அப்புறம் வாயை மூடிக்கொண்டோம்.)

சரி, கார்டு கம்பெனிகளே கடைகளுக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுக்கலாமே? பெரிய கடைகளுக்கு அப்படிக் கொடுத்தால் சட்டப்படி அது சலுகை என்ற பெயரில் கொடுக்கும் லஞ்சமாகுமா என்ற கேள்வி எழுந்தது. கமிஷன் அதைவிடப் பெரிய சிக்கல். நூறு ரூபாய்க்குப் பதினைந்து காசு என்ற கணக்கில் ஆப்பிள் கார்டு நிறுவனங்களிடம் வாங்குவதாகச் சொல்லப்படுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் சிறு கடைகளிடம் கார்டு கம்பெனிகள் வாங்கும் கட்டணத்துக்குக் கொரியாவில் அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2022-ல் மிகச் சிறிய கடைகளுக்கு அது 0.5 சதவீதம். அந்த ஐம்பது காசில் பதினைந்தைக் கொடுத்துவிட்டு எதை வைத்துப் பிழைப்பது? கடைசியில் 2023 பிப்ரவரியில் கொரிய அரசின் நிதிச் சேவை ஆணையம் வழிவிட்டது. கூடவே ஒரு நிபந்தனை: இந்தச் செலவைக் கடைக்காரர் தலையிலோ வாடிக்கையாளர் தலையிலோ கட்டக்கூடாது.

இந்தியாவிலும் கதை இதற்கு ரொம்ப தூரமில்லை. யுபிஐ-க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் கிடையாது. கமிஷனே இல்லாத இடத்தில் பங்கு கேட்டு ஒரு வெளிநாட்டு நிறுவனம் எதற்கு அவசரமாக ஓடிவர வேண்டும்? தொடங்கிப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் ஆப்பிள் பே இங்கே எட்டிப் பார்க்காததற்கு இது முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு.

வாட்ஸ்ஆப் வேறு மாதிரி மாட்டிக்கொண்டது. 2018 பிப்ரவரியில் சோதனையாகப் பணம் அனுப்பும் வசதியைத் தொடங்கினார்கள். ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பரிவர்த்தனைத் தகவல் முழுவதும் இந்தியாவுக்குள்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அனுமதி கிடைத்தபோது 2020 நவம்பர். அதுவும் இரண்டு கோடிப் பேருக்கு மட்டும். படிப்படியாக ஏற்றி, அந்த வரம்பை முழுதாக எடுக்க 2024 டிசம்பர் 31 ஆகிவிட்டது. அன்று இதை எரிச்சலோடு பார்த்தவர்களில் நானும் ஒருவன். மோசடிப் புகார்க் கோப்புகளைப் புரட்டிய பிறகு, தகவல் எங்கே இருக்கிறது என்பதில் ரிசர்வ் வங்கி காட்டிய பிடிவாதம் எனக்குப் புரிகிறது.

ஆப்பிரிக்காவில் நடந்தது வங்கியா, டெலிபோன் கம்பெனியா என்ற இழுபறி. கென்யாவில் மத்திய வங்கி ‘ஆட்சேபனை இல்லை’ என்று கடிதம் கொடுக்க, சஃபாரிகாம் என்ற டெலிபோன் கம்பெனி 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவையைத் தொடங்கியது. நைஜீரியாவோ டெலிபோன் கம்பெனிகள் தாங்களே மொபைல் பணச் சேவை நடத்தக்கூடாது என்றது. 2018-ல்தான் அவர்களுக்கென ஒரு சிறப்பு வங்கி உரிமத்துக்கு வழி திறந்தது. எம்டிஎன், ஏர்டெல் என்ற டெலிபோன் கம்பெனிகள் அங்கே கடையைத் திறக்கும்போது 2022.

இந்தத் தாமதத்தைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததே வேறு காரணத்துக்காக. ஒரு சேவை ஒரு நாட்டில் இல்லை என்றால், ‘நான் திறந்து தருகிறேன்’ என்று ஒருவன் வந்து நிற்பான். டெலிகிராமில் ஒரு ஏபிகே கோப்பு (ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பை நிறுவும் கோப்பு) அனுப்புவான். இல்லையென்றால் வெளிநாட்டு முகவரியில் ‘வெரிஃபைடு’ (அடையாளம் சரிபார்க்கப்பட்ட) கணக்கு ஒன்றை விற்பான்.

நண்பரின் மகன் ஒருவன் அப்படித்தான் வாங்கினான். வெளிநாட்டுக்காரர்களுக்கு டிசைன் செய்து கொடுப்பவன். மூன்று மாதச் சம்பாத்தியம் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஒருநாள் அந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்தார் அடையாள அட்டை கேட்டார்கள். கணக்கிலிருந்த பெயர் அவன் முகம் தெரியாத யாரோ ஒருவருடையது. புகார்க் கடிதம் எழுத என்னிடம் வந்தான். என்ன எழுதுவது? அவன் கொடுத்த விவரம் ஒன்றுகூட அவனுடையதில்லை. பணம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆகவே யாராவது ‘இங்கேயும் வேலை செய்யும்’ என்றால், உங்கள் வங்கியின் ஆப்பிலோ இணையதளத்திலோ அந்தச் சேவையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் கார்டு அதில் ஏறாது. ஏறியது போலக் காட்டினால் கார்டு எண் வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையில்லை. கேட்டால் ஆப்பை மூடுங்கள். ஏற்கெனவே விவரங்களைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இந்தக் கட்டுரையைப் பாதியில் விட்டுவிட்டு கார்டை பிளாக் செய்யுங்கள், பிறகு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள். அவமானமாக இருக்கிறது என்று இரண்டு நாள் தள்ளிப் போட்டவர்களுக்கு நான் உதவ முடிந்ததே இல்லை.