பிரேக்கோர்: நறுக்குத்தாள வல்லிசை

பிரேக்கோர், நிமிடத்துக்கு 160 அடிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் மின்னணு இசை வகை. 200-ஐத் தாண்டுவதும் சகஜம். பழைய இசைத்தட்டின் டிரம்ஸ் வாசிப்பை நறுக்கி, வரிசை மாற்றிக் கோத்து, மேலே செல்லோ, கார்ட்டூன் வசனம், ரெக்கே என்று அகப்பட்டதையெல்லாம் ஏற்றுவார்கள். 1990-களின் பிற்பாதியில் ஜங்கிள், ஹார்ட்கோர் டெக்னோ என்ற இரு வேக நடன இசை வகைகளிலிருந்தும் கிளைத்தது.

பெயரின் முதற்பாதியை ‘உடைப்பு’ என்று பெயர்த்தால் பொருள் தவறிவிடும். ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசை) பாட்டின் நடுவே மற்றக் கருவிகள் ஓய, டிரம்ஸ் மட்டும் தனித்து ஓடும் சில நொடிகளே பிரேக். ‘கோர்’ என்பது ஹார்ட்கோரின் வால். அதன் நேர்ப்பொருளான ‘கரு’வுக்கு அங்கே வேலையில்லை. அதிகம் நறுக்கப்பட்ட பிரேக், தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ‘ஆமென், பிரதர்’ பாட்டில் (1969) கிரிகரி கோல்மன் வாசித்த நான்கு பார் (நான்கு தட்டுக் கொண்ட தாளச் சுற்று), ஏறத்தாழ 7 நொடி. 2006-இல் இறந்த கோல்மனுக்கு அதற்காக ராயல்டி கிடைத்ததே இல்லை.

அந்த வாசிப்பின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 137 அடி. அப்படியே 180-க்கு விரட்டினால் சுருதியும் ஏறத்தாழ 5 அரைச்சுரம் ஏறி, ஸ்நேர் (டிரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் சிறு முரசு) தகரம்போல் ஒலிக்கும். பலர் விரும்புவது அதைத்தான். சுருதியை மாற்றாமல் மென்பொருளில் வேகத்தை மட்டும் கூட்டினால் அடியின் முனை மழுங்கும். ஆகவே அடி அடியாக நறுக்கி, ரெனாய்ஸ் போன்ற டிராக்கரில் (ஒலித்துண்டுகளை வரிசையாகக் கோக்கும் மென்பொருளில்) அடுக்குவது வழக்கம். 180-இல் ஒரு பாரின் பதினாறில் ஒரு பங்கு 83 மில்லிநொடி. ஒரே ஸ்நேர் துண்டை 42, 21 என்று இடைவெளியைப் பாதியாக்கிக்கொண்டே அடித்தால், ஒரு கட்டத்தில் தாளம் மறைந்து ரீங்காரமாகிவிடும். அலை பூச்சியத்தைத் தொடாத இடத்தில் வெட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். துண்டின் கடைசியில் 1–2 மில்லிநொடி ஃபேட் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது அல்லது இறக்குவது) கொடுத்தால் போதும். தொடக்கத்தில் அதைவிடக் குறைவாக, இல்லையேல் அடியின் கூர்மை போய்விடும். தனிக் கிக் (பெரிய டிரம்மின் ஆழ்ந்த அடி) சேர்ப்பதானால் பிரேக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கிவிட வேண்டும். இரண்டு கிக்கும் மோதினால் டிஸ்டார்ஷனில் (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கும்போது) எல்லாம் குழம்பும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கெடுப்பது வேறிடத்தில்: எல்லாப் பாரையும் நறுக்கிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பாராவது பிரேக் அசலாக ஓடினால்தான் வெட்டு வெட்டாகக் காதில் விழும். கனடாவின் பிரேக்கோர் கலைஞர் வெனிஷியன் ஸ்நேர்ஸ் 2005-இல் ஹங்கேரியத் தலைப்போடு வெளியிட்ட ஆல்பத்தில் இந்தக் கணக்கைக் கவனிக்கலாம். எல்காரின் செல்லோ கான்செர்ட்டோவிலிருந்து எடுத்த துண்டும் அதில் உண்டு.

தமிழில் இவற்றை எப்படிச் சொல்வது? பதிவிலிருந்து வெட்டியெடுக்கும் துண்டான ‘சாம்பிள்’ என்பதற்கு ‘மாதிரி’யைவிட ‘ஒலிநறுக்கு’ பொருந்தும். ‘ஓலை நறுக்கு’ பழைய வழக்குதானே. பிரேக்கைத் ‘தனித்தாளம்’ எனலாம். ‘தனி ஆவர்த்தனம்’ ஒத்துவராது. அது விரித்து வாசிப்பது. பிரேக்கோருக்கு ‘நறுக்குத்தாள இசை’ என்றால் முரட்டுத்தனம் விடுபடுகிறது. ‘நறுக்குத்தாள வல்லிசை’ என்றால் ஹார்ட்கோரும் உள்ளே வந்துவிடும். வல்லெழுத்து மிகுந்த ஓசையை ‘வல்லிசை வண்ணம்’ என்று தொல்காப்பியமே சொல்கிறது.